கூடவே இருக்கிறவர் எல்லாவற்றையும் கேட்கிறார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் வாசகர் பக்கத்தில் ஒரு அன்பர், 'இயேசு எங்களோடு இருக்கிறார் என்று கிறிஸ்தவர்கள் வாய் ஓயாமல் சொல்கிறார்கள். அப்படியானால் அவர்கள் வீட்டிலும் கடையிலும் என்ன வித்தியாசம் தெரிகிறது? சாதியையாவது விட்டார்களா?' என்று கேட்டிருந்தார். படித்ததும் எங்க வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த ஆளுக்கு நல்லா ஒரு பதில் எழுதிப் போடு" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான். எங்கள் கோயிலுக்குள்ளேயே, அதாவது சர்ச்சுக்குள்ளேயே, யாராவது எழுந்து கேட்டிருக்க வேண்டும். கேட்க மாட்டார்கள், கேட்டால் சபையை நிர்வாகம் பண்ணுகிற சேகரக் கமிட்டிக்கு அடுத்த தேர்தலில் ஓட்டு விழாது. அதனால் எனக்குத் தெரிந்த அளவில் நான் எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடி மாவட்டம் முதலூர்க்காரி. எங்கள் ஊர் சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிறிஸ்தவர்கள் ஆனதற்காகச் சொந்த ஊரில் இருக்க முடியாமல் துரத்தப்பட்ட குடும்பங்களுக்காக, சுந்தரானந்தம் தாவீது என்கிற உபதேசியார் 1799ல் உண்டாக்கிய ஊர் இது. திருநெல்வேலிச் சீமையில் முதல் கிறிஸ்தவக் கிராமம். இன்றைக்கு வெளியூர்க்காரர்களுக்கு அந்தக் கதை தெரியாது, மஸ்கோத் அல்வா என்றால் தெரியும். நாங்களும் அதைப் போட்டு விற்றுத்தான் பிழைக்கிறோம். பெரிய கடை என்று நினைத்துவிட வேண்டாம். பின்கட்டில் விறகடுப்பு, முன்னறையில் ஒரு மேஜை, தராசு, அட்டைப்பெட்டிகள், அவ்வளவுதான்.

அந்த மேஜைக்கு மேலே சுவரில் என் மாமனார் காலத்து அட்டை ஒன்று கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. கிறிஸ்துவே இந்த வீட்டின் தலைவர், ஒவ்வொரு வேளை உணவிலும் காணப்படாத விருந்தாளி, ஒவ்வொரு பேச்சையும் மௌனமாய்க் கேட்கிறவர் என்று அதில் எழுதியிருக்கும். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர் வீடுகளில் இதை நிறையப் பார்க்கலாம். கல்யாணத்துக்கும் வீட்டுப் பிரதிஷ்டைக்கும் பரிசாகக் கொடுப்பார்கள். தலைவர் என்பதில் யாருக்கும் சங்கடமில்லை, அவர் பாட்டுக்கு மரியாதையாக மேலே இருப்பார். விருந்தாளியும் சரி, சாப்பிடாத விருந்தாளியால் செலவு கிடையாது. கேட்கிறவர் என்கிற மூன்றாவது வரியில்தான் சிக்கல். கிறிஸ்து என்னோடு இருக்கிறார் என்பதை நான் அந்த வரியில்தான் புரிந்துகொள்கிறேன். கஷ்டத்தில் தட்டிக்கொடுக்க மட்டும் ஒருவர் கூட இருக்கிறார் என்றால் அது வசதியான ஏற்பாடு. நான் போடுகிற எடைக்கும் பேசுகிற பேச்சுக்கும் ஒருவர் பக்கத்திலேயே சாட்சி நிற்கிறார் என்றால் அது சில நாள் பெரிய தொந்தரவு. அன்பர் கேட்ட வித்தியாசம் தெரிவதும், தெரியாமல் போவதும் அந்தத் தொந்தரவில்தான்.

முதலில் அடுப்படியைச் சொல்கிறேன். மஸ்கோத் அல்வாவுக்கு நெய் கிடையாது. மைதாவைப் பிசைந்து தண்ணீரில் ஊறப்போட்டு, கையால் அலசி அலசிப் பால் எடுத்து, சக்கையைத் தள்ளிவிட்டு, அந்தப் பாலை ராத்திரி முழுக்கத் தெளிய வைக்க வேண்டும். காலையில் மேலே நிற்கிற தண்ணீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய கெட்டிப் பாலோடு தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்து அடுப்பில் ஏற்றினால், அப்புறம் துடுப்பைக் கையிலிருந்து கீழே வைக்க முடியாது. விட்டால் அடிபிடித்துவிடும். தேங்காய்ப்பால் வற்றி, அதன் எண்ணெயே பிரிந்து மேலே வந்து, அல்வா சட்டி ஓரத்தை விட்டு உருளுகிறவரை கிண்டினால்தான் அது மஸ்கோத். அதற்குள் தோள்பட்டை கழன்றுபோகும்.

அந்த நேரம்தான் என் ஜெப நேரம். கண்ணை மூடினால் கை வெந்துவிடும், அதனால் கண்ணைத் திறந்துகொண்டேதான். பெரிய விண்ணப்பம் எல்லாம் கிடையாது. "தேங்காய்க்காரர் இன்னைக்கும் சின்னக் காயா என் தலையில கட்டிட்டாரு ஆண்டவரே", "சின்னவன் இந்தத் தடவையாவது அரியர் வைக்காம இருக்கணும்" என்று போகும். பாதியில் பக்கத்து வீட்டுக்காரி வந்தால் அவளிடம் கொஞ்சம் பேச்சு, அவள் போனதும் மறுபடி இவரிடம். எங்கள் ஊரில் குருவானவரை ஐயர் என்று சொல்வோம். இதெல்லாம் ஜெபத்தில் சேர்த்தியா என்று ஐயரிடம் ஒருநாள் கேட்டேன். "சங்கீதத்தில் தாவீது ராஜா இதைவிட மோசமாகப் புலம்பியிருக்கிறார்" என்று சொல்லிவிட்டு, அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போனார்.

2025ல் தேங்காய் விலை ஏறியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தேங்காய்ப்பாலை நம்பியே தொழில் செய்கிறவர்கள் என்ன பாடுபட்டிருப்போம் என்று யோசித்துப் பாருங்கள். அப்போது சரக்கு போடுகிற ஒருவர் வந்து, பாலைக் குறைத்துக்கொண்டு கடைசியில் பாமாயில் ஊற்றுங்கள், மினுமினுப்பு அப்படியே வரும், முந்திரியைக் கொஞ்சம் கூடப் போட்டால் ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று யோசனை சொன்னார். தப்பான ஆள் இல்லை, எங்கள் கஷ்டத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அவர் போனதும் எங்க வீட்டுக்காரர் மேஜையில் கணக்குப் போட்டுப் பார்த்தார். "செஞ்சா யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். சொல்லிவிட்டுத் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க அப்பா இதக் கொண்டுபோய்த் திண்ணையில மாட்டியிருக்கக் கூடாதா" என்றார். பாமாயில் வாங்கவில்லை. கிலோவுக்கு விலையை ஏற்றினோம். வழக்கமாக வாங்குகிற சிலர் வேறு கடைக்குப் போனார்கள்.

எங்கள் சபைகளில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. 'பாமாயில் வேண்டாம் என்றேன், கர்த்தர் வியாபாரத்தை இரட்டிப்பாக்கினார்' என்று அதில் எழுந்து சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அப்படி நடக்கவில்லை. அந்த வருடம் கிறிஸ்துமஸ் வியாபாரம் மந்தம், புதுத்துணி பிள்ளைகளுக்கு மட்டும். அவர் கூட இருந்தார், லாபம் இல்லை. இப்படியும் நடக்கும் என்று எங்கள் பிரசங்கிமார் அபூர்வமாகத்தான் சொல்கிறார்கள். சொன்னால் காணிக்கை குறையும் என்று பயமோ என்னவோ.

அப்புறம், அவர் இருப்பதை உணர்வது பற்றி. இப்போதெல்லாம் கன்வென்ஷன் பந்தலில் விளக்கைக் குறைத்து, கீபோர்டை மெல்ல வாசித்து, "பிரசன்னம் இறங்குது, பிரசன்னம் இறங்குது" என்கிறார்கள். கேலி பேசுவதாக நினைக்க வேண்டாம், நானும் அங்கே அழுதிருக்கிறேன். அழுதுவிட்டு வெளியே வந்தால் செருப்பு மாறிப்போனதற்கு ஒரு சண்டை நடக்கும் பாருங்கள், இறங்கின பிரசன்னம் வாசல் தாண்டவில்லையோ என்று தோன்றும்.

என் மாமியார் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். கனத்த உடம்பு. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ராத்திரியில் வீட்டுக்காரர் அசந்து தூங்கினால் எழுப்ப மாட்டேன். ஒரு கை தோளுக்கடியில், ஒரு கை இடுப்புக்கடியில் கொடுத்து, "ஆண்டவரே, நீர் அந்தப் பக்கம் பிடியும்" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் தூக்குவேன். அதுவே பழகிவிட்டது. ஒரு ராத்திரி அத்தை அந்த வலியிலும் சிரித்துவிட்டார். "பாவம்ளா அவரு, அவருக்கும் வேல வைக்கியா" என்றார்.

அந்த அறையில் நான் எந்தப் பிரசன்னத்தையும் உணர்ந்தது கிடையாது. டெட்டால் வாடை, தூக்கம், எரிச்சல், இவ்வளவுதான். மத்தேயு சுவிசேஷம் முடிகிற இடத்தில், சகல நாட்களிலும் உங்களுடனேகூட இருக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிறார். உங்களுக்குப் புல்லரிக்கும் என்று அங்கே சொல்லவில்லை. அவர் அந்த அறையில் இருந்தார் என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே அத்தாட்சி, அத்தையிடம் நான் எரிந்து விழாமல் இருந்த ராத்திரிகள். என் சுபாவம் எனக்குத் தெரியும், அது என்னால் ஆகிற காரியம் இல்லை. எரிந்து விழுந்த ராத்திரிகளும் உண்டு. அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்.

காணப்படாத விருந்தாளிக்குச் செலவில்லை என்று மேலே எழுதினேன், அது முழுக்கச் சரி இல்லை. குலசேகரன்பட்டினம் தசரா சமயம் மாலை போட்டவர்கள் வேஷம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை எடுத்து வருவார்கள். காளி வேஷம் கட்டிய ஒருவர் உச்சி வெயிலில் எங்கள் வாசலில் வந்து நின்றார். கிரீடத்தைக் கழற்றித் திண்ணையில் வைத்தபோது நெற்றியில் கம்பி அழுத்திய தடம் சிவந்து கிடந்தது. தண்ணீர் கொடுத்தேன், பசி முகத்தில் தெரிந்ததால் சாப்பிடவும் வைத்தேன். சபையில் ஒரு அக்கா இதைக் கேள்விப்பட்டு, "அவுகளுக்கெல்லாம் போய் இல வைப்பியா" என்று கேட்டார். நியாயத்தீர்ப்பு நாளில், தாகமாயிருந்தேன், குடிக்கக் கொடுத்தாயா என்று கேட்கப்போகிற இயேசு, தாகத்தோடு வந்தவன் என்ன வேஷத்தில் இருந்தான் என்று கேட்கப்போவதாக நான் எங்கேயும் வாசிக்கவில்லை.

சரி, இனி அந்த அன்பர் சரியாகக் குத்தின இடத்துக்கு வருகிறேன்.

என் பெரிய நாத்தனார் மகளுக்குச் சம்பந்தம் பேசினார்கள். நாத்தனாரை நான் மைனி என்றுதான் கூப்பிடுவேன். அத்தை படுக்கையில் இருப்பதால் பேச்சு எங்கள் வீட்டில். பையனுக்குக் கோயம்புத்தூரில் வேலை, குடி இல்லை, தினமும் குடும்ப ஜெபம் நடக்கிற வீடு என்றெல்லாம் தரகர் முன்னமே சொல்லியிருந்தார். எங்கள் வழக்கப்படி ஜெபத்தோடு ஆரம்பித்தோம். "கர்த்தாவே, இந்தப் பேச்சின் நடுவிலே நீரே இரும்" என்று மைனியே உருக்கமாக ஜெபம் பண்ணினார்கள். ஆமென் சொல்லி, காப்பி குடித்து, போட்டோவைக் கை மாற்றிப் பார்த்து முடித்ததும் மைனி முன்னால் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, தரகரிடம் கேட்டார்கள்: "எல்லாம் சரிதான். ஆளு நம்ம ஆளுகதானே?"

வாசல் கதவு திறந்திருந்தது, தெருவில் போகிறவர்கள் காதில் விழுந்துவிடக் கூடாது என்று அந்தக் குரல். தலைக்கு மேலே ஒரு முழத்தில் அட்டை தொங்குகிறது. உள்ளே கட்டிலிலிருந்து அத்தை, "என்னட்டி குசுகுசுங்கிய, எனக்கும் கேக்கிற மாதிரி பேசு" என்று சத்தம் போட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பையன் நம்ம ஆள் இல்லை. அவன் தாத்தா காலத்திலிருந்தே கிறிஸ்தவக் குடும்பம், ஆனால் வேறு சாதி. சம்பந்தம் அதோடு முடிந்தது. தரகரிடம் என்ன சொல்லி அனுப்பினோம் தெரியுமா? "ஜெபித்துப் பார்த்தோம், கர்த்தருக்குச் சித்தமில்லை." சாதி பார்த்தது நாங்கள், பழி அவர் மேல். "மைனி, அவருகிட்ட இதப் பத்திக் கேக்கவே இல்லையே" என்றேன். "ஒனக்கும் ஒரு பொண்ணு இருக்கு. அப்போ பாப்போம்" என்றார்கள்.

இது புதுக் கதையும் இல்லை. என் அப்பா டயோசிஸ் (திருமண்டல) பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர், இந்த வரலாறெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாளையங்கோட்டையில் கிளாரிந்தா அம்மாள் கட்டிய கோயில் இன்றைக்கும் இருக்கிறது. அவர் பிராமண விதவை. 1778ல் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் கையால் ஞானஸ்நானம் பெற்றார், 1785ல் கோயில் பிரதிஷ்டை நடந்தது. 1780ல் எழுதிய சபைப் பட்டியலில் 40 பேர். பல சாதியிலிருந்தும் வந்தவர்கள் ஒரே ஏட்டில் இருந்தார்கள். ஆரம்பம் அப்படி. ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் கோயிலுக்குள்ளேயே தனித்தனியாக உட்காரும் வழக்கம் இருந்தது. 1833ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே, அடியோடு விட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அதற்காக எத்தனையோ பேர் சபையை விட்டே வெளியேறினார்கள். கிறிஸ்துவை நினைத்து அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்தில் மற்றவர்களோடு ஒரே பாத்திரத்தில் குடிக்க மனசு வரவில்லை. என் அப்பா உயிராக நினைத்த தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரே அந்தச் சண்டையில் சாதி வழக்கத்தை விட முடியாது என்கிற பக்கம்தான் நின்றார். இதைச் சொல்லும்போது அப்பாவின் முகம் வாடிப்போகும். ஆனால் சாஸ்திரியார் பாட்டை மட்டும் கடைசிவரை விடவில்லை.

கிறிஸ்து இங்கே இருக்கிறார் என்று நாங்கள் எல்லாரும் சந்தேகமில்லாமல் முழங்கால் போடுகிற இடம் திருவிருந்து மேஜை. பக்கத்தில் முழங்கால் போடுகிறவன் யார் என்று அங்கேயே பார்த்திருக்கிறோம். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிச் சுவர் நிற்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் இன்றைக்கும் உண்டு. ஆகவே அன்பரே, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: பாமாயில் விஷயத்தில் வித்தியாசம் தெரிந்தது, சம்பந்தப் பேச்சில் தெரியவில்லை. அவர் இரண்டு நாளும் அங்கே இருந்தார். ஒருநாள் அவர் இருக்கிறார் என்பதை நினைத்துப் பேசினோம், இன்னொரு நாள் அவரையே ஜெபத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, அவர் காதில் விழாதபடி பேசப் பார்த்தோம்.

ஆசிரியர் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஞாயிற்றுக்கிழமை மணமக்கள் விளம்பரத்தில் கிறிஸ்தவர் பகுதியைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். 'தேவபயமுள்ள', 'ரட்சிக்கப்பட்ட' என்று ஆரம்பிக்கும், அடுத்த வார்த்தையிலேயே சாதி வந்துவிடும். உங்களைக் குறை சொல்லவில்லை, எழுதிக் கொடுப்பது நாங்கள். ஆனாலும் கிறிஸ்தவர் பகுதியில் மட்டுமாவது சாதிப் பெயர் ஏற்பதில்லை என்று ஒரு வரி அறிவிப்புப் போட்டுப் பாருங்களேன். வருமானம் கொஞ்சம் அடிபடும், அது எனக்குத் தெரிந்த வலிதான். எதிர்த்துக் கடிதங்களும் வரும். அதில் முதலூர்த் தபால் முத்திரையோடு ஒன்று இருந்தால், அது யார் எழுதியது என்று நானே சொல்லிவிடுவேன்.

என் மூத்தவளுக்கும் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருக்கிறோம். விளம்பரத்துக்கு வாசகம் எழுதி மேஜையில் வைத்திருக்கிறேன். படிப்பு, வேலை, வயது, சபை எல்லாம் இருக்கிறது, சாதி மட்டும் இல்லை. எங்க வீட்டுக்காரர் அதை எடுத்துப் படிக்கிறார், மறுபடி அங்கேயே வைக்கிறார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொன்னதும் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
முதலூர், தூத்துக்குடி மாவட்டம்